உங்களுக்குத் தெரியுமா? படுக்கையைச் சுருக்கினால் தூக்கம் நீளும்!

தூக்கம் வரவில்லை என்று சீக்கிரமே போய்ப் படுப்பவரா? சிகிச்சை இதற்கு நேர்மாறானது. எட்டு மணி நேரம் புரண்டும் ஐந்தரை மணி நேரம்தான் கண்ணயர்கிறது என்றால், படுக்கையே ஐந்தரை மணி நேரம்தான். எழும் நேரம் மாறாது. பகல் தூக்கமும் கிடையாது. முதல் வாரம் ஆளை வாட்டிவிடும். படுத்த நேரத்தில் 85-90 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் கால் மணி நேரம் கூட்டுவார்கள். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் குழு 1987-இல் வெளியிட்ட முறை இது. (வலிப்பு, பைபோலார் எனும் மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் தாமாக இதில் இறங்க வேண்டாம்.)

தூக்க மாத்திரையோ தனிக்கதை. சோல்பிடெம் என்ற மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் மந்தம் தொடரலாம். எனவே 2013-இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவு 10 மி.கி.யிலிருந்து 5 ஆனது.