8 மில்லிமீட்டர் எங்கே போச்சு?
காகிதக் கப்பலில் துப்பு துலக்கிய 7-ம் வகுப்பு மாணவி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து வீட்டில் 4 நாட்களாகக் கப்பல் கட்டும் வேலை நடந்தது. இடம், ஒரு கோரைப்பாய். கருவிகள், கத்தரிக்கோல், பிளேடு, பெவிகால், 12 துணி கிளிப். கப்பலின் நீளம் 28 சென்டிமீட்டர். கட்டியவள் 7-ம் வகுப்பு மாணவி.

கட்டிய கப்பல் முதலில் 8 மில்லிமீட்டர் குறைந்தது. பிறகு வாழைப்பழம் போல் வளைந்தது. பிறகு தண்ணீரில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. வீட்டில் அழுகை, திட்டு, சண்டை எல்லாம் நடந்தது.

அதன் விவரம் வருமாறு:-

அந்தச் சிறுமியின் பள்ளியில் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். படகு செய்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. கையால் செய்த படகாக இருக்க வேண்டும். தண்ணீரில் 10 நிமிடம் கவிழாமல் நிற்க வேண்டும்.

சிறுமி தேர்ந்தெடுத்தது ஒற்றைப் பாய்மரப் படகு. அதற்கு அவள் வைத்த பெயர் தாரிணி.

புதுச்சேரி வீராங்கனை

தாரிணி என்பது இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு. கோவாவில் கட்டப்பட்டது. நீளம் 56 அடி. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இந்தப் படகில் இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி வந்தார்கள். 2024-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி கோவாவில் இருந்து புறப்பட்டு, 2025-ம் ஆண்டு மே 29-ந்தேதி கோவாவுக்கே திரும்பினார்கள். கிட்டத்தட்ட 8 மாதம் கடல்தான் வீடு.

டெலிவிஷனில் அதைப் பார்த்த நாளில் இருந்து சிறுமிக்கு அதே பேச்சு.

அவள் அப்பா மண்ணடியில் ஒரு லாரி சர்வீஸ் ஆபீசில் புக்கிங் கிளார்க். "எதுக்கும்மா இந்த வேலை? தெர்மோகோல்ல ரெடிமேடா விக்கிறான். வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் பார்த்தார். மகள் மசியவில்லை.

காகிதத்தில் கப்பலா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இது பெரிய கலை. 1940-களில், யுத்த காலத்து இங்கிலாந்தில் 'மைக்ரோமாடல்ஸ்' என்ற பெயரில் தபால் கார்டு சைஸ் அட்டைகளில் கப்பல், ரெயில், கட்டிடம் எல்லாம் அச்சடித்து விற்றார்கள். வெட்டி ஒட்டினால் மாதிரி தயார். போலந்து நாட்டில் இதற்கென்றே 1957-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். இப்போது படம் போனிலேயே கிடைக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் பிரிண்ட் எடுத்தால் போதும்.

சிறுமி எடுத்த படம் 4 தாள். முதல் இரண்டு தாளில் கப்பலின் எலும்புக்கூடு. அதாவது நடுவில் ஒரு நீளச் சட்டம், அதில் குறுக்கே சொருகும் 9 விலாச் சட்டங்கள். மற்ற இரண்டு தாளில் மேலே ஒட்டும் தோல். பக்கத்துக்கு 4 பட்டை, அப்புறம் மேல்தளம், பாய்.

வெள்ளிக்கிழமை மாலை

எலும்புக்கூடு அழகாக வந்தது. மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அழுத்திக் கோடு போட்டு மடித்தாள். கத்தியால் கீறினால் அட்டை வெட்டுப்பட்டுவிடும். வெறும் பேனா பள்ளம்தான் போடும். மடிப்பு ரூல் தடி மாதிரி நேராக விழும்.

பிறகு முதல் பட்டையை முன்பக்கத்தில் இருந்து ஒட்டிக்கொண்டே வந்தாள். பின்பக்கம் வந்து சேர்ந்ததும் திடுக்கிட்டாள்.

பட்டை எட்டவில்லை. 8 மில்லிமீட்டர் பள்ளம்!

ஆபீசில் இருந்து வந்த அப்பா பார்த்தார். "கோட்டுக்கு உள்ளே வெட்டியிருப்பே. கவனம் எங்கே இருக்கு? ராத்திரி பூரா பேப்பரை நாசம் பண்ணு" என்று சத்தம் போட்டார். சிறுமி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

குப்பைக் கூடையில் துப்பு

சனிக்கிழமை காலை சிறுமிக்கு ஒரு சந்தேகம். வெட்டியதில் தப்பு என்றால் ஒரு இடத்தில்தானே குறைய வேண்டும்? மற்ற பட்டைகளை ஒட்டாமல் வெறுமனே வைத்துப் பார்த்தாள். எல்லாமே குறைந்தது. நீளத்தில் மட்டும் அல்ல, அகலத்திலும் குறைந்தது. நீளமான துண்டில் அதிகம் குறைந்தது. சின்னத் துண்டில் கொஞ்சம் குறைந்தது.

கை தவறினால் இப்படிக் கணக்காகத் தவறாது.

இந்த மாதிரிப் படங்களில் ஓரத்தில் ஒரு அளவுக்கோடு போட்டிருப்பார்கள். '10 சென்டிமீட்டர்' என்று எழுதியிருக்கும். சிறுமி அந்த ஓரங்களை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். மாநகராட்சி பேட்டரி வண்டி தெருமுனையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. ஓடிப்போய் அம்மா கையில் இருந்த கூடையைப் பிடுங்கி, வெங்காயத் தோலுக்கு நடுவில் தேடி, 4 ஓரங்களையும் எடுத்தாள்.

ஸ்கேல் வைத்து அளந்தாள். எலும்புக்கூடு தாளில் கோடு சரியாக 10 சென்டிமீட்டர். தோல் தாளில் 9.7.

நூற்றுக்கு 3 குறைவு. 28 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 8 மில்லிமீட்டர் சொச்சம். காணாமல் போனது அகப்பட்டுவிட்டது!

"இந்த ரெண்டு தாளும் எங்கேப்பா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

அப்பா விழித்தார். வியாழக்கிழமை மாலை சந்து முனை கடையில் 2 தாள் எடுத்ததும் கரண்ட் போய்விட்டது. மீதி 2 தாளை மறுநாள் காலை ஆபீஸ் பக்கத்தில் வேறொரு கடையில் எடுத்து வந்தவர் அவர்தான்.

பிரிண்டருக்குத் தாளின் விளிம்பு வரை அச்சடிக்க வராது. சுற்றிலும் கொஞ்சம் இடம் விடும். படம் அதற்குள் அடங்காது என்று கம்ப்யூட்டர் நினைத்தால், 'தாளுக்கு ஏற்றபடி' என்று தானாகவே சுருக்கிவிடும். விண்ணப்பம், பில், பத்திர நகல் எல்லாம் இப்படி நாளெல்லாம் சுருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. யார் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார்கள்? ஒரு கடையில் சுருக்கம் இல்லை, இன்னொரு கடையில் சுருக்கம் என்றால், கப்பலுக்கு உடம்பு ஒரு சைஸ், சட்டை ஒரு சைஸ்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முழு அளவில் பிரிண்ட் எடுத்து, கடையிலேயே ஸ்கேல் கேட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

வளைந்த முதுகு

கதை இதோடு முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சிறுமி இடது பக்கத்துப் பட்டை நாலையும் ஒரே மூச்சில் ஒட்டினாள். சாயங்காலம் பார்த்தால் கப்பலின் மூக்கு இடது பக்கம் திரும்பியிருந்தது.

எதிர் வீட்டில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். காசிமேட்டில் மரப்படகு கட்டிய ஆசாரி. கண் ஆபரேஷன் ஆனதில் இருந்து உளி பிடிப்பது இல்லை. அவர் கப்பலை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கில் இருந்து பார்த்தார்.

"கண்ணு, இந்தப் பக்கம் மட்டும் அடிச்சியா?" என்றார்.

"ஆமா தாத்தா. காஞ்சதும் அந்தப் பக்கம் ஒட்டலாம்னு..."

"மரமா இருந்தாலும் அட்டையா இருந்தாலும் அதே கதைதான். வலது ஒரு பலகை, இடது ஒரு பலகை. ரெண்டு பக்கமும் சமமா இழுக்கணும். ஒரு பக்கமா இழுத்தா ஏரா வளைஞ்சிடும்."

ஏரா என்றால் படகின் அடிமுதுகு. அதில் நிற்கும் விலாச்சட்டம் வங்கு. மூக்கு அணியம். பின்பக்கம் அமரம். பெரியவர் வாயில் இந்த வார்த்தைகள்தான் வருகின்றன. சிறுமி அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

காரணம் பசை. பெவிகாலில் தண்ணீர் இருக்கிறது. அட்டை அதைக் குடித்து முதலில் உப்பும். காயும்போது சுருங்கி இழுக்கும். அதனால் பாட்டிலை அப்படியே பிதுக்கக் கூடாது. பல் குத்தும் குச்சியால் ஓரத்தில் மட்டும் மெல்லத் தடவ வேண்டும். அட்டைக்கு நார் ஓட்டமும் உண்டு. ஒரு பக்கம் வளைத்தால் சுலபமாக வளையும், மறு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாகச் சுருளும் திசை படகின் வயிற்றைச் சுற்றி வரும்படி வெட்டிக்கொண்டால் பாதி மல்லுக்கட்டு மிச்சம்.

ஒட்டிய நாலு பட்டையையும் பிளேடால் உரித்தார்கள். வளைந்த நடுச் சட்டத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, துணி கிளிப் மாட்டி ராத்திரி பூரா விட்டார்கள். அப்பா மூன்றாவது தடவையாக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அந்த வாரம் அவர் நடந்த நடைக்கு ரூபா அழகிரிசாமி கூடச் சபாஷ் போட்டிருப்பார்!

ஞாயிற்றுக்கிழமை காலை, வலது ஒன்று இடது ஒன்றாகப் பட்டை ஏறியது. மூக்கு நேராக நின்றது.

பக்கெட்டில் விபத்து

அடுத்தது தண்ணீர். நனைந்தால் அட்டை கூழாகிவிடும். எனவே மெழுகுவர்த்தியை வெளிப்பக்கம் முழுக்கத் தேய்த்து, அம்மா இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டி மெழுகை உருக்கி உள்ளே இறக்கினார். (சிறுவர்கள் தனியாகச் செய்யக் கூடாத வேலை இது.) பாய்மரத்துக்கு மூங்கில் குச்சி. உயரம் 36 சென்டிமீட்டர். கயிற்றுக்குத் தையல் நூல்.

பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி இறக்கினார்கள். கையை எடுத்ததும் தாரிணி படுத்துவிட்டது!

உடம்பை விட உயரமான பாய்மரம். கனமெல்லாம் மேலே. அடியில் ஒன்றும் இல்லை. எப்படி நிற்கும்? தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து உட்காருவது, அடியில் கனம் இருப்பதால்தான். பெரிய பாய்ப் படகுகளிலும் அடியில் துடுப்பு போலத் தொங்கும் பகுதியில் ஈயமோ இரும்போ வைத்திருப்பார்கள். காற்று பாயைச் சாய்க்கும்போது அந்தக் கனம்தான் படகை நிமிர்த்துகிறது.

பெரியவர் வீட்டில் இருந்து வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கொண்டுவந்தார். ("தொட்டுட்டுக் கையைக் கழுவிடணும் பாப்பா" என்று இரண்டு தடவை சொன்னார்.) மளிகைக் கடைத் தராசில் 70 கிராம். அதை இரட்டை அட்டைக்கு நடுவில் வைத்து மூடி, படகின் அடியில் ஒட்டப் போனால் ஒட்டவில்லை. மெழுகின் மேல் பசை பிடிக்காது! ஒட்ட வேண்டியதை எல்லாம் ஒட்டி முடித்த பிறகுதான் மெழுகு போட்டிருக்க வேண்டும்.

மணி இரவு 8. மறுநாள் கண்காட்சி. மறுபடியும் கட்ட நேரம் இல்லை. சிறுமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா, "ரெடிமேட் கடை இன்னேரம் திறந்திருக்குமா?" என்று ஆரம்பித்தார்.

தையல் போட்டனர்

"தம்பி, சும்மா இரு" என்றார் பெரியவர். "ஊசியும் தங்கூசியும் கொண்டா. தச்சிடலாம்."

படகைத் தைப்பது சென்னைக்குப் புதிது அல்ல. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்தவை மசுலா படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அடித்தால் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும்.

மேல்தளம் அதுவரை ஒட்டப்படாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஈய அட்டையின் மேல் ஓரத்தை இரண்டாகப் பிரித்து விரித்து, படகின் அடியோடு வைத்து, உள்ளே நடுச் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து 14 தையல் போட்டார்கள். பெரியவருக்குக் கண் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்லச் சிறுமி ஊசி போட்டாள். அப்பா டார்ச் பிடித்தார். தையல் ஓட்டைகளின் மேல் மெழுகு சொட்டி அடைத்தார்கள். பிறகு மேல்தளம் ஒட்டினார்கள்.

இரவு 11.20 மணிக்கு டப்பில் இறக்கினார்கள். ஆடியது. நின்றது. சிறுமி பாயின் நுனியை விரலால் அழுத்தித் தண்ணீரைத் தொட வைத்து விட்டாள். மெல்ல நிமிர்ந்தது.

அடியில் தொங்கும் கனத்தால் படகைத் தரையில் வைக்க முடியவில்லை. எவர்சில்வர் டம்ளர் இரண்டுக்கு நடுவில் ராத்திரி தூங்கியது.

திங்கட்கிழமை கண்காட்சியில் 4 படகுகள் வந்திருந்தன. 10 நிமிடம் ஓடுவதற்குள் ஒரு படகு சாய்ந்தது. ஆசிரியை பரீட்சை அட்டையால் வீசிக் காற்று கொடுத்தார். தாரிணி ஒரு பக்கம் சரிந்து, டப்பின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்கு ஓடி முட்டியது. அடியில் லேசாக ஈரம் கசிந்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசை, வினிகரும் சோடா மாவும் ஊற்றினால் பொங்கும் எரிமலை தட்டிச் சென்றது.

நிபந்தனைப்படி, படகை எப்படிக் கட்டினாள் என்று சிறுமி சொல்ல வேண்டும். நோட்டைத் திறந்து ஏரா, வங்கு, அணியம், அமரம் என்று சொன்னாள். ஆசிரியைக்கே அந்த வார்த்தைகள் புதிது. எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த அப்பா, மண்ணடியில் 2 தாள் சுருக்கிக் கொடுத்த கடைக்குப் போனார். சண்டைக்குப் போகவில்லை. ஆபீஸ் பில் நகல் எடுக்கத்தான் போனார். போன இடத்தில் விஷயத்தையும் சொன்னார். கடைப் பையன் நம்பவில்லை. ஒரு தாளில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டு பிரிண்ட் எடுத்து, இருவரும் அளந்து பார்த்தார்கள்.

"அய்யோ சார், இத்தனை நாளா இப்படியா?" என்று பையன் தலையில் கை வைத்தான்.

இப்போது அந்தக் கடையில், படம் அல்லது பிளான் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களை அவன் கேட்கிறான்: "சார், இது அளவு மாறாம வரணுமா, தாளுக்கு ஏத்த மாதிரி வந்தாப் போதுமா?"