530 மீட்டர் தொட்டிலை யார் ஆட்டுவது?

ஊட்டி அருகே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் படுத்திருக்கிறது ஓர் இரும்புத் தொட்டில். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டிய ரேடியோ தொலைநோக்கி இது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1970 முதல் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அரை கிலோமீட்டர் இரும்பை எப்படித் திருப்புவது? பாதி வேலையை மலையே செய்கிறது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சரிந்த மேட்டைத் தேடிப்பிடித்துக் கட்டியதால், தொலைநோக்கியின் அச்சும் பூமியின் அச்சும் இணையாக இருக்கின்றன. கிழக்கிலிருந்து மேற்காக உருட்டினாலே ஓர் இலக்கைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம்.

வடக்கு தெற்காக எதுவும் அசையாது. அங்கே 1,056 சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் சிக்னலையும் மின்னணு முறையில் துளி முன்பின்னாக்கிக் கூட்டினால், இரும்பு அசையாமலே பார்வை திரும்பும். ஓர் ஆன்டெனாவுக்கு 16 நிலைகள்.

விஞ்ஞானி உட்கார்ந்து 1,056 எண்களைத் தட்டுவாரா என்ன? அவர் திசையைச் சொல்வார். மீதி மென்பொருளின் பாடு. உங்கள் செல்போனிலும் இதே கதைதான். போட்டோ எடுக்கும் ஆப்புக்கு உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி கேமரா என்று தெரியாது. நடுவில் ‘டிரைவர்’ என்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்.

இந்த ஏற்பாட்டுக்கு அழகான வழி சொன்னது, 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ். பிரின்டரோ கீபோர்டோ, எல்லாமே ஒரு ஃபைல். திற, படி, எழுது, மூடு, அவ்வளவுதான். ஆனால் ‘காகிதம் தீர்ந்ததா?’ என்று கேட்பது இந்த நான்கில் எதில் சேரும்? இப்படிப்பட்ட விசேஷக் கட்டளைகளுக்காக ‘ஐஆக்டல்’ என்று ஒரு பக்கவாசல் வைத்தார்கள். வீட்டில் இடமில்லாத சாமான் எல்லாம் பரணுக்குப் போகுமே, அந்தக் கதையாகிவிட்டது அது.

எதை மறைப்பது என்பதுதான் உண்மையான தலைவலி. ‘திரும்பு’ என்பது ஒரு கட்டளை, ‘திரும்பிவிட்டாயா?’ என்பது வேறு கேள்வி. சில ஆன்டெனாக்கள் விட்டுவிட்டு வேலை செய்யும்போதும் மென்பொருள் ‘எல்லாம் சரி’ என்றால் என்ன ஆகும்? முத்தோரையில் இது சின்ன விஷயமில்லை. தொலைதூர ரேடியோ மூலங்கள் ‘மினுக்குவதை’ வைத்தே சூரியக் காற்றையும், பூமியை நோக்கி வரும் சூரியப் புயல்களையும் அங்கே கவனிக்கிறார்கள். மினுக்கியது வானமா, வயரா என்று திரை சொல்லியாக வேண்டும்.