தேய்ந்த சீல் காட்டும் தடயங்கள்

ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. ஈயக் குண்டைத் தள்ளுவது நெருக்கப்பட்ட காற்று மட்டுமே. அந்தக் காற்று நழுவாமல் பார்த்துக்கொள்வது விலை மலிவான ஒரு சீல். குறி தவறத் தொடங்கியதும் பலர் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கிறார்கள், குறிகாட்டியைத் திருகுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது சீலைத்தான்.

ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, பிஸ்டனின் தலையில் இருக்கும் சீல். சைக்கிள் பம்பில் தோல் வாஷர் செய்கிற அதே வேலை இதற்கும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் இதுவும் தோல்தான். மற்றொன்று, குழலை மடக்கிக் குண்டு போடும் இடத்தில் உள்ள சிறு வளையம்.

விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்றே எதிர்த்து நின்று, கடைசி நொடியில் பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கிறது. சீல் தேய்ந்திருந்தால் காற்று ஓரமாக நழுவிவிடும். பிஸ்டன் முன்சுவரில் போய் மோதும். சத்தம் கரகரக்கும், உதை கூடும், ஆனால் குண்டின் வேகம் குறையும். இந்த முரண்தான் மிக நல்ல தடயம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அப்படியல்ல: வேகத்தோடு உதையும் குறையும், மடக்குவதும் இலகுவாகிவிடும். குண்டு போடாமல் சுட்டாலும் காற்று எதிர்க்காது. வெறுமனே சுட்டுப் பார்க்கும் பழக்கம் நல்ல சீலையும் கெடுத்துவிடும்.

வேகத்தை அளக்கக் குரோனோகிராஃப் இருந்தால் ஒரே டப்பாவிலிருந்து பத்துக் குண்டுகள் சுட்டுப் பாருங்கள். சராசரி வேகத்தைவிட, குண்டுக்குக் குண்டு அது எவ்வளவு மாறுகிறது என்பதே அதிகம் சொல்லும். குழல் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்துப் பாதுகாப்பான திசையில் சுடுங்கள். காகிதம் துள்ளினால் அங்கே கசிவு இருக்கிறது.

கழற்றிய பிஸ்டன் சீலின் விளிம்பு கருகியிருந்தால் எண்ணெய் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். நெருக்கத்தில் காற்று கடுமையாகச் சூடேறி, சாதாரண எண்ணெயைப் பற்றவைத்துவிடும். புகையும் வெடிச்சத்தமும் அதனால்தான். தோல் சீலுக்கு எண்ணெய் வேண்டும். செயற்கை சீலுக்கு அதை ஊற்றக் கூடாது.

பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தால் சீல் புதிதாகவே இருக்கும் என்று நம்ப முடியாது. ஜெர்மனியின் ஓபர்ண்டார்ஃபில் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் தயாரித்த 124 மாடல் அருமையான துப்பாக்கி. அதன் பழைய பிஸ்டன் சீல்கள் சுடாமல் கிடந்தாலும் காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பொருள் தானே சிதைந்ததுதான் காரணம். பல ஆண்டுகள் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்தால், சுடுவதற்கு முன் திறந்து பார்ப்பதே சரி.

இன்றைய 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் சிலிண்டர் வகை; அவற்றின் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. நிரப்பிய சூடு ஆறும்போது அளவுமானி சற்று இறங்கும், அது கசிவல்ல. மறுநாளும் இறங்கிக்கொண்டே இருந்தால்தான் ஓ-ரிங் எனப்படும் சீல் வளையத்தைத் தேட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி இடம் காட்டும். நல்ல ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்கும். தட்டையாகிவிட்டதும் கீறல் விழுந்ததும் மாற்ற வேண்டியவை.

துப்பாக்கியைத் திறக்கும் முன் குண்டு இல்லையென்று உறுதிசெய்யுங்கள். ஸ்பிரிங் வகையானால் அதற்கான அழுத்துக் கருவி இல்லாமல் கழற்றாதீர்கள். சிலிண்டர் வகையானால் காற்று முழுவதும் வெளியேறும்வரை ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.