மருப்பும் வெள்ளியும்

யானைக்கோட்டின் அடிப்பகுதி உள்ளீடற்றது. பல்லின் உயிர்க்கூழ் நிறைந்த கூம்புக்குழி ஒன்று தாடைப்பக்கம் அகன்று தொடங்கி, நுனி நோக்கிக் குறுகிச் சென்று மறைகிறது. அப்பகுதியைக் குறுக்கே அறுத்து, அகன்ற வாய் மேலிருக்க நிறுத்தினால், கீழே சற்றே ஒடுங்கிய ஒரு வாளி நம் முன் நிற்கும். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் மிலான் நகரில் புனித நீர் தெளிப்பதற்கென உருவான மருப்புக் கலங்களின் வடிவம் இதுவே.

அவற்றுள் ஒன்று மிலான் பேராலயக் கருவூலத்தில் உள்ளது. பேராயர் கோட்டிஃப்ரெடோ, தம் நகரின் புனிதர் அம்புரோசுக்கு அளித்த கலம் அது. பேரரசன் வரும்போது புனித நீர் தெளிப்பதற்கென்று அதன் விளிம்பெழுத்தே கூறுகிறது. சுற்றிலும் வளைவுகளின் கீழ்க் குழந்தையேந்திய அன்னையும் நற்செய்தியாளர் நால்வரும் அமர்ந்திருக்கின்றனர். அதன் உடன்பிறப்புப் போன்ற மற்றொரு வாளி இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இயேசுவின் பாடுகள் 12 காட்சிகளாக விரிகின்றன. சிற்பியின் உளித்திறத்தைப் போற்றுவோர், கலத்தின் உருவை அவனுக்கு முன்பே வரைந்துவைத்த விலங்கின் வளர்ச்சியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மருப்பு என்பது பல். கால்சியம் பாசுபேட்டு நுண்படிகங்களும் புரத இழைகளும் பின்னிப் பிணைந்த பொருள். படிகம் உறுதி தருகிறது. இழை, உளியின் வெட்டுக்குச் சிதறாமல் இணங்கும் இயல்பைத் தருகிறது. கண்ணிமையின் மடிப்பையும் ஆடையின் சுருக்கத்தையும் அதில் செதுக்க முடிவது இதனால்தான். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும், உலர்ந்தால் சுருங்கும். கூம்புக்குள் கூம்பாக அடுக்கடுக்காய் வளர்ந்த பொருளாதலால், அந்த அடுக்குகளின் வழியே வெடிப்பும் ஓடும்.

புனித நீருக்கு மருப்பு ஏற்றதாயினும், திருப்பலியில் திராட்சை இரசத்தை ஏந்தும் கிண்ணத்துக்கு உயிர்ப்பொருள் ஏற்றதாகக் கருதப்படவில்லை. 786இல் இங்கிலாந்தில் கூடிய திருச்சபைப் பேரவை, குருதியிலிருந்து விளைவது என்று கூறி மாட்டுக்கொம்புக் கிண்ணத்தை விலக்கியது. உலோகமே உயர்ந்தது. இரசத்தின் மென்காடி வெள்ளியைத் தீண்டுவதில்லை, செம்பையோ அரிக்கும். எனவே செம்புக் கலத்துக்குப் பொன்முலாம் காப்பாகவும் அமைந்தது.

ஆசுதிரியாவின் கிரெம்சுமுன்சிட்டர் மடத்தில் அத்தகைய கிண்ணம் ஒன்று உண்டு. பவேரியக் கோமகன் தாசிலோவும் அவன் மனைவி லியுத்பிர்க்கும் 8ஆம் நூற்றாண்டில் அளித்தது. இருவர் பெயரும் அதன் அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்முலாமிட்ட செம்பில் வெள்ளித் தகடுகளைப் பதித்து, அவற்றில் இயேசு, நற்செய்தியாளர் முதலானோர் உருவங்களைக் கருங்கோடுகளால் தீட்டியுள்ளனர்.

அக்கருமையே என்னைப் பெரிதும் ஈர்க்கிறது. அதற்கு நியெல்லோ என்று பெயர். வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் வெள்ளிச் சல்பைடு என்னும் கருஞ்சேர்மம் பிறக்கும். அதைப் பொடித்துக் கீறல்களில் நிரப்பிச் சூடேற்றிப் பதியவைத்து, ஆறியபின் தேய்த்து மெருகேற்றுவர். செம்பும் கலந்தால் உருகுநிலை தாழ்வதால் வேலை எளிதாகும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, துடைக்காத வெள்ளிக் குத்துவிளக்கில் நாளடைவில் படியும் கருமையும் அதே வெள்ளிச் சல்பைடுதான். இல்லத்தில் நாம் தேய்த்துக் களையும் அழுக்கைக் கொண்டே அக்கிண்ணத்தைச் செய்த கொல்லன் இயேசுவின் விழிகளைத் தீட்டினான்.