'கட': நகர்வது எது, நிற்பது எது?

நெய்வேலி வழியாகப் போகிற பஸ்ஸில் யாராவது தூங்கிவிட்டால் நடத்துனர் தட்டி எழுப்பி, "ஆர்ச் கேட் தாண்டிடுச்சுங்க"ன்னுதான் சொல்வார். "கடந்துவிட்டது"ன்னு சொல்ல மாட்டார். பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பும் அம்மாவும் "ரோட்டைப் பார்த்து கிராஸ் பண்ணு" என்பார். 'சாலையைக் கடக்கவும்' என்பதை அறிவிப்புப் பலகையில்தான் பார்க்கலாம்.

ஆனால் அதே ஆட்களிடம் ஒரு சாவு, ஒரு கடன், முறிந்துபோன ஒரு கல்யாணம் பற்றிப் பேசிப் பாருங்கள். "எப்படியோ கடந்து வந்துட்டோம்" என்பார்கள். காலுக்குப் பெரும்பாலும் 'தாண்டு', மனசுக்குப் பெரும்பாலும் 'கட'. பேச்சுத் தமிழ் இப்படி ஒரு வேலைப் பிரிவினை செய்து வைத்திருக்கிறது. இந்த 'கட' எங்கெல்லாம் போய் வருகிறது என்று கொஞ்ச நாளாகக் குறித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் இரண்டு வாக்கியங்கள்.

இதுவும் கடந்து போகும்.
நான் இதைக் கடந்து வந்தேன்.

இரண்டும் ஆறுதல் சொல்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் வாக்கியத்தில் நான் அசையவே இல்லை. துன்பம்தான் கூட்ஸ் வண்டி மாதிரி ஓடிப் போகிறது. நான் கேட்டில் நின்று காத்திருந்தால் போதும். இரண்டாவதில் நடப்பது நான். துன்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தெரியும். ஒரே வினைச்சொல்தான். 'ஐ' உருபு வந்ததும் நகர்கிறவர் மாறிவிடுகிறார். முதல் வாக்கியத்தில் 'தாண்டு' போட்டுப் பாருங்கள். 'இதுவும் தாண்டிப் போகும்' என்பது ஒட்டவே ஒட்டாது.

அடுத்து, பிறவினை. நட–நடத்து, கிட–கிடத்து போல கட–கடத்து. 'கடக்க வை' என்பதுதான் நேர்ப்பொருள். அங்கிருந்து அது கிளைத்த விதம் வேடிக்கையானது. தங்கத்தைக் கடத்தினால் குற்றம், ஆளைக் கடத்தினால் அதைவிடப் பெரிய குற்றம். பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினால் அது ஆபீஸ் வழக்கம். செம்பு மின்சாரத்தைக் கடத்தினால் அது நற்கடத்தி, பத்து மார்க். சினிமா விமர்சனத்தில் 'உணர்வைக் கடத்தியிருக்கிறார்' என்றால் இயக்குநருக்குப் பாராட்டு. எல்லாவற்றிலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒன்றை ஒரு எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்ப்பது. எல்லை எது, அதைக் கடக்க அனுமதி இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் சிறையும் பாராட்டும்.

கடக்கிற இடத்துக்கும் இதிலிருந்தே பெயர். இலங்கையில் நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம் 'பாதசாரிக் கடவை', ரயில்வே கேட் 'புகையிரதக் கடவை'. மலையாளத்தில் 'கடவு' என்றால் படகுத்துறை. திருவனந்தபுரத்து வள்ளக்கடவு அப்படி வந்த பெயர். நாட்டின் எல்லைக்குக் கடவுச்சீட்டு, கணினிக்குக் கடவுச்சொல். 'கடவுள்' என்பதை 'கடந்தும் உள்ளும் இருப்பவர்' என்று மேடையில் பிரிப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 'செய்யுள்' என்ற சொல்லில் உள்ள 'உள்' வெறும் விகுதிதான், 'உள்ளே' என்று யாரும் பொருள் சொல்வதில்லை. 'கடவு'ளுக்கும் அதே விகுதி போதும்.

இனி பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெயர்: ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். கோவலனுக்குத் தவறான தீர்ப்புச் சொல்லி உயிர்விட்ட பாண்டியன். அவன் ஆரியப் படைக்கு நடுவே நடந்து அந்தப் பக்கம் போனவன் இல்லை. அதை வென்றவன். பழந்தமிழில் 'கட' என்பதற்கு வெல்லுதல், அழித்தல் என்ற பொருளும் உண்டு. அப்படிக் கடக்கப்பட்ட படை அதற்குப் பிறகு படையாக நிற்காது. இன்றைய பேச்சில் இந்தப் பொருள் தேய்ந்துவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'இற' என்பதும் இதற்கு உறவுதான். அதன் பழைய பொருள் கடந்து போதல். இலக்கணத்தில் வரும் 'இறந்த காலம்' செத்த காலம் இல்லை, கடந்த காலம். சாவுக்கு அந்தச் சொல் வந்தது, போனவர் எல்லை கடந்துவிட்டார் என்பதால்தான். இது தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. பிலிப்பைன்ஸில் செபுவானோ என்றொரு மொழி. அதில் 'அகி' என்றால் கடந்து போதல். அதிலிருந்து பிறந்த 'அகியனன்' என்றால் பாதை. 'கஅகி' என்றால் வரலாறு, பட்ட அனுபவம். 'பினஅகி' என்றால் 'மூலமாக'. நாம் கடந்து போனதை 'காலம்' என்கிறோம், அவர்கள் அதையே 'அனுபவம்' என்றும் சொல்கிறார்கள்.

இப்போது நெய்வேலிக்குத் திரும்பலாம். இந்தச் சொல்லை ஒரு ஊரில் வைத்துச் சோதிக்க வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1956ல் நிறுவனம் தொடங்கி, 1957ல் வெட்ட ஆரம்பித்து, 1962ல் மின்சாரம் வந்த ஊர். இங்கே தெர்மலில் உண்டாகும் மின்சாரம் கம்பிகளில் கடத்தப்பட்டு கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி வரை எல்லை கடக்கிறது. யாரும் யாரையும் கைது செய்வதில்லை.

ஆனால் மைன்ஸ் விஷயம் வேறு. வெளியூர்க்காரர்கள் சுரங்கம் என்றால் ஒரே இடத்தில் இருக்கும் குழி என்று நினைப்பார்கள். திறந்தவெளிச் சுரங்கம் நகரும். முன்பக்கம் மேல்மண்ணை ராட்சத இயந்திரங்கள் வெட்டும். மண் கன்வேயரில் போய், ஏற்கெனவே கரி எடுத்து முடித்த பின்பக்கத்தில் கொட்டப்படும். நடுவில் பழுப்பு நிலக்கரியை எடுப்பார்கள். இப்படி முன்னால் வெட்டி, பின்னால் மூடி, குழி மெல்ல மெல்ல நடந்துகொண்டே இருக்கும். வழியில் இருக்கிற கிராமங்கள் இடம் மாற்றப்படும்.

இப்போது இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

பஸ் ஊரைக் கடந்தது.
சுரங்கம் ஊரைக் கடந்தது.

இலக்கணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதலாவதில் பஸ் போன பிறகும் ஊர் இருக்கும். இரண்டாவதில் ஊர் இருக்காது. வயல், கோயில், குளம், தெரு எதுவும் இருக்காது. கொட்டிய மண்மேடு இருக்கும். தேய்ந்துவிட்டது என்று சொன்னேனே, நெடுஞ்செழியன் காலத்துக் 'கட', அது இங்கே உயிரோடு இருக்கிறது.

அதனால்தான் இப்போது சமூக ஊடகங்களில் பெருகியிருக்கிற 'கடந்து போயிடணும்' என்ற அறிவுரை எனக்கு இடிக்கிறது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கிய படங்களைப் பார்த்தோம். நிலம் எடுத்ததன் சட்டக் கணக்கை இரு தரப்பும் நீதிமன்றத்தில் பேசினார்கள். நாம் என்ன செய்தோம்? இரண்டு நாள் கொதித்தோம், மூன்றாம் நாள் கடந்து போனோம். 'எளிதில் கடந்து போக முடியவில்லை' என்று எழுதிவிட்டுக் கடந்து போனவர்களும் உண்டு.

துக்க வீட்டில் "இதுவும் கடந்து போகும்" என்று சொல்வதில் தப்பில்லை. சில நேரம் காத்திருப்பதைத் தவிர வழியிருக்காது. ஆனால் நிலத்தையும் வீட்டையும் இழந்தவரிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் விஷயத்தில் எதுவும் அவரைக் கடந்து போகவில்லை, அவரும் எதையும் கடந்து வரவில்லை. அவருடைய ஊர்தான் கடக்கப்பட்டது. 'கட'வுக்குச் செயப்பாட்டு வடிவத்தை நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. இந்த ஒரு இடத்திலாவது பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது.