சிமுலேட்டர் காட்டும் ஓடுபாதை உண்மையானதா?

மைசூரு: மைசூரு மண்டகள்ளி விமான நிலையம் 2010-ஆம் ஆண்டு மீண்டும் சேவைக்கு வந்தபோது அதன் ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர். பெரிய விமானங்கள் இறங்க அதை 2,750 மீட்டராக நீட்டிக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. இத்தகைய ஓடுபாதையில் ஐம்பது மீட்டர் தவறினாலும் அது சிறு பிழையல்ல. அந்தப் பிழை, விமானி பயிற்சி பெறும் சிமுலேட்டரிலேயே தொடங்கிவிடக் கூடும்.

சிமுலேட்டரில் இரு கணக்குகள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. ஒன்று, விமானத்தின் எடை மையத்தைக் கொண்டு அது பறக்கும் விதத்தைக் கணிக்கிறது. மற்றொன்று, விமானியின் கண் இருக்கும் இடத்திலிருந்து வெளிக்காட்சியை வரைகிறது. எடை மையம், கண், சக்கரம் ஆகியவற்றுக்கு இடையிலான தொலைவுகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான 3 டிகிரி இறங்குபாதையில், கண்ணின் உயரம் ஒரு மீட்டர் பிசகினால், சக்கரம் தரையைத் தொடும் இடம் சுமார் 19 மீட்டர் மாறிவிடும். மூன்று மீட்டர் பிசகினால் 57 மீட்டர். பயிற்சியாளர் அந்தப் பொய்யான காட்சியையே மெய்யென மனத்தில் பதித்துக்கொள்வார்.

இதைக் கண்டறியச் சர்வதேச விதிகளில் சோதனை உண்டு. சக்கரங்கள் 30 மீட்டர் உயரத்திலும், பார்வைத்தொலைவு 350 மீட்டராகவும் இருக்கும்போது, ஓடுபாதையின் எந்தப் பகுதி விமானிக்குத் தெரிய வேண்டும் என்று கணக்கிட்டு, திரையுடன் ஒப்பிடுகின்றனர்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமல்ல. உயர்தர 'டி' நிலை சிமுலேட்டரில் தேறிய அனுபவமுள்ள விமானி, புதிய ரக விமானத்தை முதன்முறையாகப் பயணிகளுடனேயே தரையிறக்கப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க முடிவு செய்தன. அவற்றுக்கான விமானிகளை உருவாக்கும் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகளே.

நம்மிடம் திறமை இல்லாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டு பொக்ரான் அணு சோதனையை அடுத்து, இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கான உதவியை அமெரிக்கா நிறுத்தியது. ஆயினும் பெங்களூரு விஞ்ஞானிகள் உள்நாட்டுச் சிமுலேட்டர்களில் சோதித்துப் பார்த்து, 2001 ஜனவரி 4-ஆம் தேதி அந்த விமானத்தைப் பறக்கச் செய்தனர். பின்னர் தேஜஸ் எனப் பெயர் பெற்றது அதுவே.

மைசூருவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் திறமையை, பயணிகள் விமானத் துறைக்கும் மத்திய அரசு பயன்படுத்துமா? சிமுலேட்டர் சோதனை முடிவுகளை டிஜிசிஏ பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமா? இவை நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டிய கேள்விகள்.