எண்ணமும் செயலும்

தேர்வு நெருங்கும் நாள்களில் மாணவர் பலருடைய வீட்டுச் சுவரில் ஒரு கால அட்டவணை தோன்றும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுதல், இரண்டு மணிநேரம் கணக்கு, ஒரு மணிநேரம் இயற்பியல் என வண்ண மையால் அழகுற எழுதப்பட்ட அவ்வட்டவணை, முதல்நாள் முழுமையாகப் பின்பற்றப்படும். இரண்டாம் நாள் பாதி நிறைவேறும். மூன்றாம் நாள் வீட்டிற்கு உறவினர் வருவர். அல்லது மின்சாரம் தடைப்படும். அதன்பின் அட்டவணை சுவரில் இருக்கும். அதனை ஏறிட்டுப் பார்ப்பவர் இருக்கமாட்டார். அம்மாணவரைச் சோம்பேறி என வீட்டார் சொல்லக்கூடும். சில நாளில் அவரும் அவ்வாறே தம்மைக் கருதத் தொடங்குவார். அட்டவணை கைவிடப்பட்டதைக் காட்டிலும் இது பெரிய இழப்பாகும். ஏனெனில், பெரும்பான்மையான வேளைகளில் குறை மாணவரிடத்தில் இல்லை. அட்டவணை வகுக்கப்பட்ட முறையில்தான் இருக்கிறது.

விருப்பம் இலக்காகும் இடம்

‘நன்றாகப் படிக்க வேண்டும்’ என்பது விருப்பம். ‘வெள்ளிக்கிழமைக்குள் அணிகள் மூன்றனையும் நூலைப் பாராமல் எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டும்’ என்பது இலக்கு. முன்னது நிறைவேறியதா என்பதை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. பின்னதை வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து இருக்கை மாணவரே சோதித்துச் சொல்லிவிடலாம். ‘உன்னால் இயன்றதைச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிடத் தெளிவான, சற்றே கடினமான இலக்கினைப் பெற்றவர்கள் மிகுதியாகச் செய்து முடிப்பதை எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய உளவியலாளர்களின் நெடுங்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

விருப்பம் இலக்காக மாறியதற்குத் தமிழ் உலகம் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. 1880ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையருக்கு அகவை இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அவ்வாண்டில்தான் பொறுப்பேற்றிருந்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் எனத் தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியல் அவரிடம் இருந்தது. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, அப்பட்டியல் முதலியாருக்கு வியப்பை அளிக்கவில்லை. சீவக சிந்தாமணியையும் பிற பழங்காப்பியங்களையும் கற்றதுண்டா என்று அவர் வினவினார். இல்லை என்பதே விடை. தமிழ்த்தொண்டு புரிய வேண்டும் என்ற பொதுவான விருப்பம் அதன்பின் ஒற்றை நூலின்மேல் குவிந்தது.

அந்நூலோ எளிதில் வசப்படவில்லை. சமண சமயக் கருத்துகள் விளங்கவில்லை. அவற்றை அறிந்துகொள்ள அவர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச்சென்றார். நச்சினார்க்கினியரின் உரையில் மேற்கோள்கள் பல வந்தன. அவை எந்நூலைச் சார்ந்தவை எனத் தெரியவில்லை. அவற்றைத் தனியே குறித்துவைத்துத் தேடினார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். முன்கூட்டியே நூலை வாங்க இசைபவர்களிடம் கையொப்பம் பெற்று அச்சுச்செலவுக்கு வழிதேடினார். கல்லூரிப் பணி இடையறாது நடந்துகொண்டிருந்தது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. ஒரு நூலுக்கு ஏழாண்டுகள்! ஆயினும், அவ்வேழாண்டுகளில் எந்த நாளிலும் அவர் முன் இருந்தது ‘சிந்தாமணிப் பதிப்பு’ என்னும் மலையன்று. இன்று ஒப்பிட வேண்டிய சில பாடல்கள், இன்று கேட்டுத் தெளிய வேண்டிய ஒரு சொல் என்ற அளவிலேயே வேலை நகர்ந்தது.

அண்மை இலக்கு

இவ்வாறு கூறுபடுத்துவதன் பயனை 1981இல் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கிய சிறுவர்களுக்கு ஏழு அமர்வுகளில் முடிக்கத்தக்க 42 பக்கப் பயிற்சி வழங்கப்பட்டது. ஒரு குழுவினரிடம் அமர்வுக்கு ஆறு பக்கம் என்ற இலக்கு கூறப்பட்டது. மற்றொரு குழுவினரிடம் ஏழாம் அமர்வின் முடிவில் 42 பக்கங்களும் நிறைவடைய வேண்டும் எனப்பட்டது. இரண்டும் கணக்களவில் ஒன்றே. எனினும், ஆறு பக்க இலக்கினர் தெளிவாக முந்தினர். கணக்கின்மீது அவர்களுக்கு ஆர்வமும் பிறந்தது. தொலைவிலக்கினரோ, இலக்கே பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் முன்னேறவில்லை. ஆறு பக்கத்தை முடித்த சிறுவன் அன்றே ‘என்னால் முடிகிறது’ என்பதைக் கண்டுகொள்கிறான். சுவர் அட்டவணை தராத ஒன்று இதுவே.

காலக் கணக்கு

மனிதர் தம் வேலைக்கான காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது ஏறக்குறைய இயல்பான குணம். கனடாவில் ரோஜர் ப்யூலரும் அவருடைய உடனாய்வாளர்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர் என வினவினர். சராசரி விடை 34 நாள்கள். எல்லாம் தடைப்பட்டால் எத்தனை நாள் ஆகும் என்ற வினாவுக்கு 49 நாள்கள் என்றனர். உண்மையில் முடிக்க 55 நாள்களுக்கு மேலாயின! தடைகளை எண்ணிப் போட்ட கணக்கும் போதவில்லை. 1994இல் வெளியான இவ்வாய்வு, பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. இனி ஆகும் காலத்தைக் கற்பனை செய்வதற்கு மாறாக, முன்பு ஆன காலத்தைப் பார்க்க வேண்டும். சென்ற மாதம் வேதியியலில் ஓர் இயலைப் படிக்க ஐந்து நாள் ஆயிற்று எனில், அடுத்த இயலுக்கு இரண்டு நாள் ஒதுக்குவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைத்தால், உறவினர் வருகையும் மின்தடையும் திட்டத்தைக் குலைக்கமாட்டா.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செய்யத்தக்கதை ஆராய்ந்த பின்னரும் உடனே செயலில் இறங்காமல் தன் வலிமை, காலம், இடம் ஆகியவற்றை அளந்து பார்க்கும் ஒழுங்கு அவ்வரிசையில் தெரிகிறது.

காலமும் இடமும் சிறிய செய்திகளாகத் தோன்றலாம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தம் மாணவர்களிடம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் குறித்த இரு நாள்களுக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பப் பணித்தார். எப்போது, எங்கே அமர்ந்து எழுதுவோம் என்பதை முன்னரே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் உரிய காலத்தில் எழுதினர். அவ்வாறு குறிக்காதவர்களில் எழுதியவர் மூவரில் ஒருவரே. ‘மாலையில் படிப்பேன்’ என்பதைவிட, ‘பள்ளியிலிருந்து வந்து தேநீர் அருந்தியதும் திண்ணையில் அமர்ந்து வரலாற்று நூலைத் திறப்பேன்’ என்பது செயலுக்கு அருகில் நிற்கிறது. தேநீர்க் குவளையே மணியடித்து அழைப்பதுபோல் ஆகிவிடும். திண்ணை இல்லாத ஒற்றை அறை வீட்டு மாணவர் ஊர்ப்புற நூலகத்தையோ, பள்ளி விட்டபின் வகுப்பறையில் தங்கும் அரைமணியையோ குறித்துக்கொள்ளலாம்.

தள்ளிவைத்தல்

எல்லா இலக்கும் எடுத்த உடனே தொடரத்தக்கதன்று. மணிமேகலையின் ஏடுகள் கிடைத்திருந்தும், பௌத்த சமயக் கருத்துகள் தமக்குத் தெளிவாகாமையால் சாமிநாதையர் அந்நூலை உடனே பதிப்பிக்கவில்லை. அதனை நிறுத்திவைத்த காலத்தில் வாளாவிருக்கவும் இல்லை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு ஆகியன வெளிவந்தன. இதனிடையே, கல்லூரியில் உடன் பணியாற்றிய பேராசிரியர் ரங்காசாரியரிடம் பௌத்தக் கொள்கைகளைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். கைவிடுதலுக்கும் தள்ளிவைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: தள்ளிவைப்பவர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறிந்திருப்பார், அதனைப் பெறுவதற்கான முயற்சியும் நடந்துகொண்டிருக்கும். 1898இல் மணிமேகலை அச்சேறியபோது, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தாமே எழுதிய விளக்கங்களையும் அவர் அதனோடு சேர்த்து வெளியிட்டார்.